பீன்ஸும் அவரையும்: நம் ஊர்த் தோட்டத்துக்கு ஏற்றது எது?

திருப்பதியிலும் சித்தூரிலும் மாடியிலோ கொல்லையிலோ காய்கறி வளர்க்க விரும்புவோர் பெரும்பாலும் முதலில் வாங்கும் விதைப் பொட்டலங்களுள் பீன்ஸும் ஒன்று. இதற்குத் தக்க காரணங்கள் உண்டு. விதை பெரியது, சிறுவர்களும் ஊன்றலாம். ஒரு வாரம் பத்து நாளில் முளைத்துவிடும். எல்லாம் கூடிவந்தால் இரண்டு மாதத்துக்குள் சமையலறைக்குக் காய் வரும். வேறெந்தக் காய்கறியும் புதியவருக்கு இவ்வளவு விரைவில் ஊக்கம் தருவதில்லை.

ஆனால் பல வீடுகளில் நடப்பது வேறு. செடி செழித்து வளர்கிறது, பூவும் பூக்கிறது, பிஞ்சு மட்டும் பிடிப்பதில்லை. பூக்கள் உதிர்ந்து தொட்டியைச் சுற்றிக் கிடக்கின்றன. வீட்டுக்காரர் உரத்தைக் கூட்டுகிறார், தண்ணீரைக் கூட்டுகிறார், கடைக்காரர் சொன்ன மருந்தையும் தெளிக்கிறார். எதற்கும் பயனில்லை. "எனக்குக் கைராசி இல்லை" என்று ஒதுங்கிவிடுகிறார். அடுத்த ஆண்டு அந்தச் செடிப்பைகள் மாடியின் ஒரு மூலையில் மடித்து வைக்கப்பட்டிருக்கும்.

கைராசியின் மேல் பழி போடுவது நியாயமன்று என்பதே என் கருத்து. பிழை, விதையும் மாதமும் ஒன்றோடொன்று பொருந்தாததில் இருக்கிறது. நம் சமவெளியில் பீன்ஸுக்கென்று ஆண்டில் ஒரு குறுகிய காலமே உண்டு. எஞ்சிய மாதங்களுக்கு அதன் உறவினங்களான அவரை, கொத்தவரை, காராமணி ஆகியவை இருக்கின்றன. இந்த வரிசையைப் பின்பற்றினால் ஒரே தோட்டத்தில் ஆண்டின் பெரும்பகுதிக்கும் ஏதேனும் ஒரு காய் கிடைக்கும். அத்துடன், நம் பகுதிக்கே உரிய சில விதைகளும் அழியாமல் நிற்கும்.

பீன்ஸ் ஏன் மறுக்கிறது?

பீன்ஸ் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். மெக்சிகோ முதல் ஆண்டிஸ் மலைத்தொடர் வரையிலான நிலப்பகுதிகளில் மக்கள் அதைப் பயிராக்கினர். 1492க்குப் பின்னரே அது கடல் கடந்து ஐரோப்பாவுக்கும், ஐரோப்பியர் வழியாக நமக்கும் வந்தது. அதன் தாயகத்தில் அது விளைந்தது பெரும்பாலும் மிதமான வெப்பமுள்ள மேட்டு நிலங்களில். இன்றும் 16 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பமே அதற்கு மிகவும் உகந்தது. பகல் வெப்பம் 30 டிகிரியைக் கடந்து, இரவும் வெதுவெதுப்பாகவே இருந்தால் மகரந்தம் வலுவிழக்கும். பூ கருவுறாமல் உதிரும். உரமோ தண்ணீரோ மருந்தோ இதை மாற்ற இயலாது.

இதைப் புரிந்துகொள்ள நம் பகுதியின் நில அமைப்பே போதும். திருப்பதி நகரம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 160 மீட்டர் உயரத்தில் உள்ளது. சித்தூர் சுமார் 300 மீட்டர். சித்தூரிலிருந்து பங்காருபாளையம் கடந்து மொகிலி மலைப்பாதையில் ஏறினால் சுமார் 700 மீட்டர் உயரத்தில் பலமநேர் வந்துவிடும். அங்கிருந்து வி.கோட்டா, குப்பம் வரை பரந்த மேட்டு நிலம். சந்தைக்கு வரும் பீன்ஸில் ஒரு பகுதி அந்த மேட்டு நிலத்திலிருந்தும், அதை ஒட்டிய கோலார் பக்கத்திலிருந்தும் வருகிறது. ஒரே மாவட்டத்துக்குள் சில மணி நேரப் பயணத்தில் பயிரின் விதி மாறிவிடுகிறது. பலமநேர் உழவர் செய்வதைப் பார்த்துத் திருப்பதியில் வைகாசி மாதத்தில் பீன்ஸ் ஊன்றுவது வீண்முயற்சி.

விலைக் கணக்கும் வெயில் கணக்கும்

"கோடையில் பீன்ஸ் கிலோ நூறு ரூபாயைத் தாண்டுகிறது, வீட்டிலேயே வளர்த்தால் மிச்சமாகுமே" என்று பலர் நினைப்பதுண்டு. வங்கியின் இதழில் இந்தக் கணக்கைச் சற்று நேர்மையாகப் போட்டுப் பார்ப்பது பொருத்தமாக இருக்கும்.

கோடையில் பீன்ஸ் விலை ஏறுவதற்கு முதன்மையான காரணம் வெயில். மேட்டு நிலத்திலும் வெப்பம் மிகுந்து, தண்ணீர் குறைந்து, பிஞ்சு பிடிப்பது குறைகிறது, வரத்துச் சரிகிறது. மேட்டு நிலத்துக்கே தாங்காத அந்த வெயிலில், 40 டிகிரியைத் தொடும் திருப்பதியின் மொட்டை மாடியில் பீன்ஸ் காய்க்குமா? விலை உயரும் மாதத்தில் நம்மால் விளைவிக்க முடியாது. நம்மால் விளைவிக்க முடிகிற குளிர்மாதங்களில் சந்தையிலும் வரத்து மிகுந்து விலை இறங்கியிருக்கும். ஆகவே பீன்ஸை மட்டும் நம்பி வீட்டுச் செலவைக் குறைக்க எண்ணினால் கணக்கு நேராகாது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். பத்துச் செடிப்பைகள், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம், விதை ஆகியவற்றுக்கு ஒருவர் 3,000 ரூபாய் செலவிடுகிறார். பைக்கு மூன்று செடியாக 30 செடிகள். நன்றாகக் காய்த்தால் பருவத்துக்கு 4 கிலோ எனக் கொள்ளலாம். கிலோ 60 ரூபாய் என்றால் அதன் மதிப்பு 240 ரூபாய். அந்தப் பைகள் சில ஆண்டுகள் உழைக்கும் என்பது உண்மையே. எனினும் பீன்ஸ் மட்டும் வளர்த்தால் போட்ட பணம் எளிதில் திரும்பாது.

இரண்டு செய்திகள் இந்தக் கணக்கை மாற்றுகின்றன. ஒன்று, அதே பைகளில் ஆண்டுக்கு மூன்று பயிர் எடுப்பது. மற்றொன்று, கோடையில் பீன்ஸ் விலை ஏறும்போது அதற்கு மாற்றாக, வெயிலைத் தாங்கும் கொத்தவரையையும் காராமணியையும் பறிப்பது. பீன்ஸ் பொரியலுக்குப் பதிலாகக் கொத்தவரைப் பருப்பு உசிலி செய்யும் வீடு, வளர்த்ததாலும் மிச்சம் பிடிக்கிறது. விலையேறிய காயை வாங்காததாலும் மிச்சம் பிடிக்கிறது.

எதிர்பார்ப்பிலும் அளவு வேண்டும். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், நாளொன்றுக்கு 2,000 கலோரி உணவு உண்பவரின் தட்டில் ஏறத்தாழ 400 கிராம் காய்கறி இருக்க வேண்டும் என்கிறது. நால்வர் உள்ள குடும்பத்துக்கு அது நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல். எந்த மாடித் தோட்டமும் அவ்வளவு தராது. வாரத்தில் இரண்டு நாள், நஞ்சு தெளிக்காத, பறித்த ஒரு மணி நேரத்துக்குள் சமைத்த காய் கிடைத்தால் அதுவே நல்ல பயன்.

ஆடியில் அவரை

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழிக்கு அவரைக்கொடி மிகச் சரியான சான்று. நம் ஊரில் அவரையென்றும் தெலுங்கில் சிக்குடு என்றும் வழங்கும் இப்பயிர் தென்னகத்துக்கு மிகப் பழைய உறவு. தென்னிந்தியப் புதிய கற்கால வாழிடங்களின் அகழாய்வுகளில் அதன் விதைகள் கிடைத்துள்ளன. தினை அறுத்த புனத்தில் முன்பனிக் காலத்தில் அவரை பூக்கும் செய்தியைக் குறுந்தொகை கூறுகிறது. அந்தப் பூக்கும் காலம் இன்றும் மாறவில்லை.

இதற்கு ஓர் அறிவியல் காரணம் உண்டு. பந்தலில் ஏறும் பழைய அவரை வகைகள் குறும்பகல் பயிர்கள். பகல் நேரம் சுருங்கும்போதுதான் பூ எடுக்கும். திருப்பதியில் ஜூன் மாதத்தில் பகல் ஏறத்தாழ 13 மணி நேரம். டிசம்பரில் 11 மணி 20 நிமிட அளவு. ஆடியில் ஊன்றிய கொடி மழையைக் குடித்துப் பந்தல் முழுவதும் படர்ந்து, ஐப்பசி கார்த்திகையில் பூத்து, மார்கழி முதல் மாசி வரை காய்க்கிறது. தை மாதத்தில் ஊன்றினால் கோடை முழுவதும் இலையாகவே படரும். "மலட்டுக்கொடி" என்று அதைப் பிடுங்கி எறிபவர்கள் உண்டு. கொடியில் குறையில்லை, ஊன்றிய மாதமே தவறு. தெருவிளக்கின் வெளிச்சம் இரவெல்லாம் விழும் இடத்தில் இத்தகைய பயிர்கள் பூக்கத் தாமதிப்பதும் உண்டு. பந்தலுக்கு இடம் தேர்வு செய்யும்போது இதையும் கருதலாம்.

பந்தல் போட வசதியில்லாதவர்களுக்குக் குத்துச்செடி வகைகள் உள்ளன. பெங்களூருவை அடுத்த எசரகட்டாவில் இயங்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்க்கா ஜய், அர்க்கா விஜய் ஆகிய அவரை வகைகள் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாமல் பூப்பவை, தொட்டிக்கும் பொருந்துபவை. ஆயினும் கொல்லையில் ஆறடிக்கு ஆறடி இடமுள்ளவர்கள் பந்தலையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பேன். நான்கு சவுக்குக் கம்புகள், கட்டுக்கம்பி, இரண்டு குழிகள், குழிக்கு ஒரு கூடை தொழுவுரம், மூன்று விதைகள். செலவு அவ்வளவே. காய்க்கத் தொடங்கினால் ஒரு கொடி பருவத்துக்குப் பல கிலோ தரும். பந்தலின் கீழே நிழலும் கிடைக்கும். ஐப்பசி கார்த்திகையில் வங்கக் கடலில் புயல் உருவாகும் என்பதால் கம்புகளை ஆழமாக நட்டு இழுத்துக் கட்டுவது இன்றியமையாதது.

கார்த்திகையில் பீன்ஸ்

பீன்ஸ் மேல் விருப்பம் உள்ளவர்கள் அதைக் கைவிட வேண்டியதில்லை. அதற்குரிய மாதத்தில் விதைத்தால் போதும். நம் பகுதிக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. 2021 நவம்பரில் திருப்பதியை வெள்ளம் சூழ்ந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். மண்ணில் நீர் தேங்கினால் பீன்ஸ் விதை அழுகிவிடும். எனவே கனமழை தணியும் கார்த்திகைப் பிற்பகுதியில் விதைப்பது நலம். மார்கழி இறுதியில் பூக்கும். அப்போது இரவுக் குளிர் இருக்கும். தை, மாசி மாதங்களில் காய் பறிக்கலாம். வெயில் ஏறுவதற்குள் பயிர் முடிந்துவிடும். சித்தூரில் இந்தக் காலம் சற்றே நீளும். பலமநேர், குப்பம் பகுதியினருக்கு இக்கட்டுப்பாடு பெரிதும் இல்லை.

வகையைப் பொறுத்தவரை, கொடி பீன்ஸைவிடக் குத்துச்செடி பீன்ஸ் விரைவில் காய்க்கும். குறுகிய குளிர்காலத்துக்கு அதுவே ஏற்றது. மேற்சொன்ன நிறுவனத்தின் அர்க்கா கோமல், நார் இல்லாத அர்க்கா சுவிதா ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. விதையை இரவு முழுவதும் ஊறவைக்க வேண்டாம்; தோல் வெடித்து அழுக இடமுண்டு. ஈரமான மண்ணில் ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றி, முளைக்கும் வரை அளவாகவே நீர் தெளிக்க வேண்டும். தரையில் வரிசைக்கு வரிசை ஓரடி, செடிக்குச் செடி அரையடி இடைவெளி போதும். பூக்கும் காலத்தில் மண் காயக்கூடாது. காய் பென்சில் பருமனில், உள்ளே விதை புடைக்கும் முன்பே பறிக்க வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பறித்துக்கொண்டே இருந்தால்தான் செடி மேலும் பூக்கும். முற்றவிட்டால் காய்ப்பதை நிறுத்திக்கொள்ளும்.

தண்ணீரைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். உப்பைச் சிறிதும் தாங்காத காய்கறிகளுள் பீன்ஸ் முன்னிற்பது. ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றும் தொட்டிகளின் விளிம்பில் வெள்ளைப் படிவம் தெரிந்தால், இலையோரம் கருகினால், குறை பெரும்பாலும் நீரில்தான். சேமித்த மழைநீரையோ அரிசி, காய்கறி கழுவிய நீரையோ இச்செடிகளுக்கு ஒதுக்குவது நல்ல வழி.

மாசியில் கொத்தவரையும் காராமணியும்

பீன்ஸ் முடிந்த தொட்டியில் செடியை வேரோடு பிடுங்காமல் மண்மட்டத்தில் அறுத்துவிட வேண்டும். பயறு வகைகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணுக்குள் சேர்ப்பவை. பீன்ஸ் இந்த வகையில் சற்றுப் பின்தங்கியது. அவரையும் காராமணியும் கொத்தவரையும் மேம்பட்டவை. வேர் மண்ணிலேயே மக்கினால் அடுத்த பயிருக்கு உதவும். அத்துடன் மேலாக ஒரு கைப்பிடித் தொழுவுரம் இட்டு, மாசியில் கொத்தவரையோ காராமணியோ விதைக்கலாம். தெலுங்கில் கோருசிக்குடு, அலசந்த எனப்படும் இவ்விரண்டும் வெயிலுக்குப் பிறந்தவை. பங்குனிச் சூட்டிலும் பூத்து, சித்திரை வைகாசியில் காய் தரும். கொத்தவரை தண்ணீர்த் தட்டுப்பாட்டையும் ஓரளவு தாங்கும்.

பூச்சியைப் பொறுத்தவரை, இந்தக் குடும்பம் முழுவதற்கும் பொதுப் பகை அசுவினி. அவரைப் பிஞ்சிலும் காராமணிக் கொழுந்திலும் கறுப்பாக அப்பிக்கொள்ளும். தொடக்கத்திலேயே கண்டால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்துக் கழுவிவிடலாம். மிகுதியாகத் தாக்கிய நுனியைக் கிள்ளி எறியலாம். அதற்கும் மிஞ்சினால் வேப்பங்கொட்டைப் பருப்பை லிட்டருக்கு 50 கிராம் என இடித்து ஓர் இரவு ஊறவைத்து, வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். இரண்டு நாளுக்கு ஒருமுறை பறித்து உண்ணும் செடியில் கடை நஞ்சைத் தெளிப்பது வீட்டுத் தோட்டத்தின் நோக்கத்தையே அழிப்பதாகும். ஒரு கொடியை இழந்தாலும் அதைச் செய்யலாகாது.

இன்னொரு செய்தியும் நினைவிலிருக்க வேண்டும். பீன்ஸையும் முற்றிய அவரை விதையையும் பச்சையாக உண்ணக்கூடாது. அவற்றிலுள்ள இயற்கை நச்சுப்பொருள்கள் நன்றாக வேகவைத்தால்தான் நீங்கும். காய்ந்த அவரை விதையை ஊறவைத்து, வேகவைத்த முதல் நீரை வடித்துவிடுவது நம் வீடுகளின் பழைய வழக்கம். அது பொருளுள்ள வழக்கம்.

பிதுக்கம்பருப்பின் எதிர்காலம்

இதுவரை சொன்னவை பயனைப் பற்றியவை. இதனினும் பெரிதாக நான் கருதுவது விதை.

மார்கழிப் பனி தொடங்கியதும் சித்தூர் மாவட்டச் சாலையோரங்களில் குவியலாக விற்கப்படும் அனபகாயை அறியாதவர் இங்கில்லை. அவரையின் இனமான அதன் மணியை ஊறவைத்து, விரலால் பிதுக்கித் தோல் நீக்கினால் கிடைப்பது தெலுங்கில் பிதிகிபப்பு. வேலூர், திருவண்ணாமலை, கிருட்டிணகிரிப் பக்கத்துத் தமிழர்களுக்கு அது பிதுக்கம்பருப்பு. எல்லைக்கு அப்பால் கன்னடர்க்கும் அதே பருப்பு உயிர். பெங்களூரு விசுவேசுவரபுரத்தில் ஆண்டுதோறும் ஜனவரி அளவில் அவரைக்காய்க்கென்றே மேளா நடக்கிறது. ராகிக் களியோடு பிதுக்கம்பருப்புக் குழம்பு என்பது மூன்று மொழிக்கும் பொதுவான குளிர்கால உணவு. மாவட்ட எல்லைகள் பலமுறை மாறின. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது, 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானது. சமையலறையில் அந்த எல்லைகள் எதுவும் இல்லை.

இந்த அனபகாய் எங்கிருந்து வருகிறது? நம் மானாவாரி உழவர்கள் நிலக்கடலைக்கு இடையே சால் விட்டு விதைத்த ஊடுபயிரிலிருந்து வருகிறது. கடலை பொய்த்தாலும் இது கைகொடுக்கும் என்ற முன்யோசனையே அதன் அடிப்படை. பழைய சித்தூர் மாவட்டத்தில் நிலக்கடலைப் பரப்பு ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி, மாந்தோப்பும் பிற பயிர்களும் அவ்விடத்தைப் பிடித்துள்ளன. கடலை குறைந்தால் அதனூடே விளைந்த அனபையும் குறைகிறது. பந்தல் அவரையிலும் இதே நிலைதான். ஊதா விளிம்புடையது, பட்டையானது, மணமுள்ளது, குட்டையானது என ஊருக்கு ஊர் வேறுபட்ட வகைகள் கொல்லைகளில் இருந்தன. புது வீடு கட்டும்போது கொல்லை முழுவதும் சிமெண்டால் மூடப்படுகிறது. கொல்லை போனால் பந்தல் போகிறது. பந்தல் போனால், மூன்று தலைமுறையாகப் பாட்டி முடிந்து வைத்த விதையும் போகிறது. அது கடையில் கிடைக்காது.

பீன்ஸும் அவரையும் இவ்வகையில் நமக்கு ஒரு வாய்ப்பைத் தருகின்றன. இவை பெரும்பாலும் தம்முள்ளேயே மகரந்தச் சேர்க்கை செய்துகொள்பவை. எனவே வீட்டில் எடுத்த விதை அடுத்த ஆண்டும் தாய்ச்செடியைப் போலவே முளைக்கும். காய்ப்பின் நடுக்காலத்தில், நோயற்ற கொடி ஒன்றில் பத்துக் காய்களைப் பறிக்காமல் விட்டு, கொடியிலேயே சருகாகக் காயவிட வேண்டும். பல்லால் கடித்தாலும் பதியாத அளவுக்கு விதை காய்ந்த பின், சாம்பலோ உலர்ந்த வேப்பிலையோ கலந்து, காற்றுப் புகாத குப்பியில் வைத்து, பெயரும் ஆண்டும் எழுதி ஒட்டினால் போதும். 2001ஆம் ஆண்டின் பயிர் இரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டமும் விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பகிரவும் உழவருக்குள்ள உரிமையை உறுதி செய்திருக்கிறது.

சேமிப்பின் அடிப்படைப் பாடம் விதைக்கும் பொருந்தும்: எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கலாகாது. ஒரு குடும்பத்தில் மட்டும் இருக்கும் விதை, ஓர் ஆண்டு வெள்ளத்தாலோ வண்டாலோ முற்றிலும் அழியக்கூடும். அதே விதை மூன்று வீடுகளில் இருந்தால் ஒரு வீடு இழந்ததை மற்றொரு வீடு திருப்பித் தரும்.

சில மறுப்புகள்

"இடமில்லை, நேரமில்லை, உழவர் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது" என்பன கேட்கத்தக்க மறுப்புகளே. 1999இல் தொடங்கப்பட்ட ரைத்து பஜார்கள் நம் நகரங்களில் நல்ல காய்களை நியாயமான விலைக்குத் தருகின்றன. அவற்றை ஆதரிப்பது நம் கடமையுமாகும். வீட்டுத் தோட்டம் உழவருக்குப் போட்டியாகாது. ஒரு கொடியை வளர்த்துப் பார்த்தவருக்குத்தான் கிலோ அவரையின் பின்னுள்ள உழைப்புத் தெரியும். அவர் சந்தையில் இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசத் தயங்குவார்.

நேரத்தைப் பொறுத்தவரை, பந்தல் அவரை நாளொன்றுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் கேட்பதில்லை. இடமில்லாத அடுக்குமாடிக் குடியிருப்பினர்க்கு, ஓரடி ஆழமுள்ள நான்கு பைகளும் ஆறு மணி நேர வெயிலும் போதும். மாடியில் நிறையத் தொட்டி வைப்பவர்கள், ஈரமண்ணின் எடை மிகுதி என்பதை உணர்ந்து, நார்க்கழிவு கலந்த இலேசான கலவையைப் பயன்படுத்தி, சுவரோரமாக வைப்பது பாதுகாப்பானது. வீடு கட்டத் திட்டமிடுவோர் கொல்லைப்புறத்தில் ஆறடிச் சதுரத்தையேனும் சிமெண்டு பூசாமல் விட வேண்டும் என்பது என் வேண்டுகோள். அந்த மண் மழைநீரையும் உள்வாங்கும்.

யார் தொடங்குவது?

இப்பணிக்கு மிகப் பொருத்தமானவர்கள் இருவர் எனத் தோன்றுகிறது. முதலாமவர் ஓய்வு பெற்றோரும் வீட்டிலுள்ள மூத்த பெண்மணிகளும். எந்த மாதத்தில் எதை ஊன்றுவது என்ற அறிவு இன்னும் அவர்களிடமே இருக்கிறது. அவர்களிடம் கேட்டு எழுதி வைக்கும் பொறுப்பு இளையோருடையது. குறிப்பாக, ஊரிலுள்ள உறவினர் வீட்டுப் பரணிலோ அடுக்குப் பானையிலோ அவரை விதை இருக்கிறதா என்று இந்த ஆண்டே கேட்பது நல்லது. பயறு விதைகள் நன்கு காத்தாலும் சில ஆண்டுகளே முளைப்புத் திறனோடு இருக்கும்.

இரண்டாமவர் பள்ளிகள். 2019இல் மத்திய அரசு பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கு வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. பல பள்ளித் தோட்டங்கள் கோடை விடுமுறையில் காய்ந்துபோவது வழக்கம். அவரைக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஜூனில் பள்ளி திறக்கிறது. ஆடியில் மாணவர் விதை ஊன்றலாம். சங்கராந்தி விடுமுறைக்கு முன் முதற்காய் பறிக்கலாம். ஆண்டுத் தேர்வுக்கு முன் விதை எடுத்துக் குப்பியில் அடைக்கலாம். அடுத்த வகுப்பு மாணவர் அதையே விதைப்பர். பயிரின் காலமும் பள்ளியின் காலமும் இவ்வளவு பொருந்தும் காய் வேறொன்று அரிது.

திருப்பதியிலுள்ள வேளாண் கல்லூரி 1961 முதல் இயங்கிவருகிறது. வேளாண் அறிவியல் நிலையங்களும் தோட்டக்கலைத் துறை அலுவலகங்களும் நம்மிடையே உள்ளன. நகரத்து வீடுகளுக்கு விதையோ அறிவுரையோ வழங்குவோர், அதனோடு நம் ஊருக்குரிய மாத அட்டவணை ஒன்றையும் தமிழிலும் தெலுங்கிலும் அச்சிட்டுத் தந்தால், பாதித் தோல்விகள் தொடங்குமுன்பே தவிர்க்கப்படும். சமவெளிக்கு ஓர் அட்டவணை, மேட்டு நிலத்துக்கு ஓர் அட்டவணை என இரண்டு இருந்தால் போதும்.

அதுவரை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டியவை மூன்றே மாதங்கள்: அவரைக்கு ஆடி, பீன்ஸுக்குக் கார்த்திகை, கொத்தவரைக்கும் காராமணிக்கும் மாசி. ஒவ்வொன்றிலும் பத்துக் காய்களை விதைக்காக விட்டுவையுங்கள். அடுத்த வீட்டுக்கு ஒரு கைப்பிடி கொடுத்துவிடுங்கள்.